புதுப்பிப்பு: பிராய்லர் தீவனத்தில் முருங்கை இலைத்தூள், 5 சதவீதத்தில் சரியானது

சோயா புண்ணாக்கைக் குறைத்து 10 சதவீதம் முருங்கை இலைத்தூள் கலந்தேன், கோழிகள் தீவனத்தைக் கிளறிவிட்டு ஒதுங்குகின்றன, எடையும் ஏறவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது, "பாதியாகக் குறையுங்கள், முதல் மூன்று வாரம் போடவே வேண்டாம்" என்ற யோசனைதான். அடுத்த பேட்சில் 21 நாள் வரை வழக்கமான தீவனம் மட்டும். பிறகு 2 சதவீதம், நான்கு நாள் கழித்து 5. எடை பழையபடி ஏறியது.

காய்ந்த இலையில் புரதம் ஏறக்குறைய கால் பங்கு இருந்தாலும் நார்ச்சத்து கூடுதல், எரிசக்தி குறைவு. அதனால் எண்ணெயும் மெத்தியோனினும் (கோழி வளர்ச்சிக்குத் தேவையான அமினோ அமிலம்) சேர்க்கச் சொன்னவருக்குத் தனி நன்றி. முன்பெல்லாம் தட்டின் அடியில் பச்சைப் பொடி அப்படியே தங்கிக் கிடக்கும். எண்ணெய் சேர்த்த பிறகு அது மக்காச்சோளக் குருணையில் ஒட்டிக்கொண்டது, தட்டு சுத்தமாகக் காலியானது.

எதிர்பாராத ஒன்று: கால்களும் தோலும் நல்ல மஞ்சளாகிவிட்டன. இலையிலுள்ள சாந்தோஃபில் நிறமிதான் காரணம், நோய் என்று பயப்பட வேண்டாம். வெயிலில் காயவைத்தால் அந்த நிறமி வெளுத்துப்போகும், நிழலில்தான் உலர்த்த வேண்டும்.

கால்நடைத் தீவனமாகப் போடும் இன்னொரு மர இலையான சூபாபுல்லை நான் தொடவில்லை. அதிலுள்ள மிமோசின் கோழிக்கு நஞ்சு.