கலைச்சொல் வேண்டுகோள்: எடுக்காமல் பிடித்துவைத்த பணம்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ஆள்களப் பெயர் (domain name, இணையத்தள முகவரி) விற்கும் ஒரு நிறுவனத்தின் கட்டணப் பக்கங்களைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். ஒருவர் புதுப்பிக்காமல் கைவிட்ட டாட்காம் பெயர், பதிவாளர் (அதைப் பதிவுசெய்து தந்த நிறுவனம்) அதை நீக்கிய பின்னும், பழைய உரிமையாளர் திரும்பப் பெறக்கூடிய 30 நாள் மீட்புக் காலத்திலும் 5 நாள் நீக்கக் காத்திருப்பிலும் கிடந்துதான் விடுபடுகிறது. விடுபடும் நொடியில் பலர் அதற்குப் போட்டியிடுவதால், காத்திருக்கும் வாடிக்கையாளருக்கு அது கிடைக்குமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆகவே அவருடைய கடன் அட்டையில் தொகையை எடுத்துவிடாமல் பிடித்துமட்டும் வைக்கிறார்கள். பெயர் கிடைத்தால் எடுப்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள். இதற்கு ஒரு சொல் வேண்டும். சென்ற முறை அவசரத்தில் ‘முன்பணம் திருப்பித் தரப்படும்’ என்று எழுதிவிட்டேன். அதை நம்பிய ஒருவர் கணக்கறிக்கையில் வரவுப் பதிவைத் தேடித் தேடி மூன்று முறை முறையிட்டார். பற்றே வைக்காத பணத்துக்கு வரவு எங்கிருந்து வரும்?

*

‘அச்சாரம்’ இருக்கப் புதுச்சொல் எதற்கு, அம்மா? சத்தியங்காரம் என்ற வடசொல்லின் திரிபு என்று அதை ஒதுக்குவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அச்சு என்பது பழைய நாணயத்தின் பெயர். அச்சைக் கொடுத்துச் சொல்லை உறுதிசெய்வதே அச்சாரம் என்பது என் துணிபு. காசையும் நேர்மையையும் நாணயம் என்ற ஒரே சொல்லால் குறிக்கும் மொழியில் இது வியப்பன்று. ‘ஆரம்’ என்னும் ஈற்றைப் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

*

ஐயாவின் ஈறு ஆராய்ச்சி வெள்ளிக்குள் முடியாது என்பதால் குறுக்கிடுகிறேன். அச்சாரம் கைமாறிய பணம். வாங்குபவர் பின்வாங்கினால் அதை இழப்பார். இங்கே பணம் கைமாறவும் இல்லை, அவர் பின்வாங்கவும் இல்லை. என் பரிந்துரை ‘பிடிபணம்’. வினைத்தொகையாதலால் பிடித்த, பிடிக்கின்ற, பிடிக்கும் என மூன்று காலத்துக்கும் நிற்கும். கிடைக்குமோ கிடைக்காதோ என்றிருக்கும் பதிவுக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் எது?

*

இலக்கணம் அழகுதான். ஆனால் சம்பளச் சீட்டில் ‘பிடித்தம்’ பார்த்துப் பழகியவர் பிடிபணத்தைப் போய்விட்ட பணமென்றே படிப்பார். ‘ஒதுக்கிவைப்பு’ என்றால் ஊரைவிட்டு விலக்கிவைத்த நினைவு வருகிறது.

சொல்லைவிட அவசரமான சிக்கல் ஒன்று உண்டு. உங்கள் வரைவில் பணம் திரும்புவதும் மீட்பு, பெயர் திரும்புவதும் மீட்பு என்றிருக்கிறது. ‘மீட்புக் கட்டணம்’ என்பது பழைய உரிமையாளர் தம் பெயரைத் திரும்பப் பெறக் கூடுதலாகக் கட்டுவது. வரைவின்படி படிப்பவர் அது தமக்கு வரவேண்டிய தொகை என்று நினைப்பார். எனவே மீட்பு பெயருக்கு மட்டும் இருக்கட்டும். எடுத்த பணத்தைத் தருவது ‘திருப்பியளிப்பு’, எடுக்காததை விடுவது ‘விடுவிப்பு’.

இன்னொன்று: அட்டையில் பிடித்துவைப்பது பெரும்பாலும் சில நாள்களே செல்லும். 35 நாள் காத்திருப்பின் தொடக்கத்திலேயே பிடித்தால் பெயர் விடுபடுமுன் அது தானாகக் காலாவதியாகிவிடும். ஆகவே எப்போது பிடிக்கிறார்கள் என்பதையும் அந்தப் பக்கம் சொல்ல வேண்டும்.

*

அனைவருக்கும் நன்றி. ‘நிறுத்திவைத்த தொகை’ என்று நீட்டியே எழுதி, விடுவிப்பையும் திருப்பியளிப்பையும் பிரித்துவிட்டேன். எதிர்ப்பு குறைவாக வந்தது இதற்குத்தான் என்பதைத் தவிர இதற்கு வேறு தகுதி சொல்லத் தெரியவில்லை. எப்போது பிடிக்கிறார்கள் என்று நிறுவனத்திடம் கேட்டிருக்கிறேன், விடை வரவில்லை.

*

மூன்று சொல் சேர்ந்தது தொடர், அம்மா, கலைச்சொல் அன்று. என் மறுப்பைப் பதிவுசெய்துகொள்ளுங்கள். ஆரம் பற்றிய மடல் நாளை வரும்.