60 மீட்டர் விட்டா தண்ணி வராதா?

புத்தூர்_சர்வே:
நகரி_எலக்ட்ரிக் நேத்து போட்ட பதிவைப் படிச்சு எரிச்சல்தான் வந்துச்சு. "தண்ணி தேங்கி நிக்கிற பழைய நிலக்கரிச் சுரங்கத்துக்கும் புதுசுக்கும் நடுவுல 60 மீட்டர் விட்டா வெள்ளம் வரவே வராது"ங்கிறார். அந்த 60 எதுல அளந்தது? பழைய பிளான்ல, அதாவது பழைய சுரங்க வரைபடத்துல. சுரங்கத்தை மூடுறதுக்கு முன்னாடி கடைசியா வெட்டின கேலரி (சுரங்கப் பாதை) பிளான்ல ஏறாமலே போயிருந்தா?

நகரி_எலக்ட்ரிக்:
1957 நிலக்கரிச் சுரங்க விதிகள், விதி 127. 60 மீட்டர். சர்வேயருங்க தப்பா வரைஞ்சா சட்டம் என்ன பண்ணும்?

புத்தூர்_சர்வே:
முழுசாப் படிங்க சார். 60க்குள்ள வந்துட்டா எழுத்துமூல அனுமதி இல்லாம நகரக் கூடாதுன்னுதான் இருக்கு. மேல் சீம், கீழ் சீமுக்கும் (கரி அடுக்குக்கும்) அதே கணக்கு. அனுமதி வந்தாலும் கேலரி உயரம், அகலம் 2.4 மீட்டரைத் தாண்டக் கூடாது. நடுவுல ஒரு போர் (முன்கூட்டித் துளைச்சுப் பார்க்கிற ஓட்டை), ரெண்டு பக்கமும் போர், எல்லாம் வெட்டிட்டு இருக்கிற முகப்புக்குக் குறைஞ்சது 3 மீட்டர் முன்னாடி இருக்கணும்.

நகரி_எலக்ட்ரிக்:
நானும் அதைத்தான் சொல்றேன். 60 மீட்டர்.

பலமநேர்_டிரில்லர்:
போர் போட்டா மட்டும் ஆச்சா? ஓட்டை வாயில ஸ்டாண்ட் பைப்பை சிமெண்ட் வச்சு இறுக்கி, வால்வு மாட்டி, பிரஷர் பார்த்துட்டுத்தான் பிட் (துளைக்கிற முனை) உள்ள போகணும். 30 மீட்டர் தண்ணி நின்னா சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ. 10 சதுர மீட்டர் முகப்புல 300 டன். பிட் பழைய கேலரியைத் தொட்டும் சேறு அடைச்சு ஓட்டை காய்ஞ்சே கிடக்கும். அதைப் பார்த்து 'தண்ணி இல்ல'ன்னு எழுதிட்டா நம்ம கதை தீர்ந்தது. ராடு விட்டுக் குத்தி மறுபடி பார்க்கணும். தண்ணி வடிஞ்ச பிறகும் பின்னாலயே ஆக்சிஜன் குறைஞ்ச காத்து வரும்.

குப்பம்_பம்ப்:
நெய்வேலியில கரிக்கு அடியிலேர்ந்து சதுர சென்டிமீட்டருக்கு 6-8 கிலோ பிரஷர்ல தண்ணி தள்ளுது. பம்ப் வச்சே சமாளிக்கிறாங்க. இதுக்கு இவ்ளோ பயமா?

புத்தூர்_சர்வே:
நெய்வேலி திறந்தவெளி, நைனா! அங்க ஊத்து எங்கே இருக்குன்னு தெரிஞ்சு, நாள் முழுக்க இறைக்கிறாங்க. ஜார்க்கண்ட் சாஸ்னாலா சுரங்கத்துல தண்ணி உடைச்சுக்கிட்டு வந்து 1975 டிசம்பர் 27 அன்னைக்கு 375 பேர் போனாங்க. தெலங்கானா கோதாவரிக்கனியிலயும் அப்படித்தான், 2003 ஜூன் 16, 17 பேர். உடைஞ்சு வர்ற தண்ணிக்கு எந்த பம்ப் ஈடு கொடுக்கும்?

குப்பம்_பம்ப்:
இங்க முன்னாடி நடந்த போர்வெல் விவாதத்துலயும் நீங்க இப்படித்தான் பம்புக்காரங்களை மட்டம் தட்டினீங்க. மறக்கல.

பலமநேர்_டிரில்லர்:
அந்தச் சண்டை இங்க எதுக்கு? 1957 விதி போய் 2017 விதி வந்தாச்சு, அதைப் பேசுங்க.

நகரி_எலக்ட்ரிக்:
எது வந்தாலும் 60 மீட்டர் 60 மீட்டர்தான்.

புத்தூர்_சர்வே:
எந்தப் பிளான்ல இருந்து 60? முதல்லயே கேட்டாச்சு.