பின் டயர் மட்டும் வேறு கம்பெனி, வேறு வகை போடலாமா?

நாமக்கல்காரன்:
வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது 2019 கடைசியில் எடுத்த யமஹா எஃப்.இசட்-எஸ் வி3. பின் டயர் நடுவில் மொட்டையாகிவிட்டது, தேய்மானக் கோடு வரை வந்தாயிற்று. முன் டயர் வண்டியோடு வந்ததுதான், பட்டன் (மேலே இருக்கும் ரப்பர் கட்டைகள்) இன்னும் நன்றாகவே இருக்கிறது. டயர் கடையில் கேட்டால், அதே டயர் இப்போது இல்லை, வேறு கம்பெனியில் 140/60-17 (அகலம் 140 மி.மீ., பக்க உயரம் அதில் 60 சதவீதம், ரிம் 17 அங்குலம்) இருக்கிறது, விலையும் குறைவு, மாட்டிவிடட்டுமா என்கிறார். அகலம் 150 உள்ளதைப் போட்டால் வளைவில் இன்னும் நன்றாக உட்காரும் என்றும் ஒரு யோசனை சொன்னார். என் நண்பனோ, முன்னும் பின்னும் ஒரே கம்பெனியாக இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், இரண்டையும் சேர்த்தே மாற்று என்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் கொல்லிமலையில் செம்மேடு வரை போய் வருகிறவன் நான், காரவள்ளி தாண்டினால் 70 கொண்டை ஊசி வளைவு, அதனால்தான் இவ்வளவு குழப்பம். லாரி டயர் ரீட்ரேடிங் (தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டுவது) பற்றிக் கேட்டால் தெருவுக்கு நாலு பேர் பாடம் எடுக்கும் ஊரில் பைக் டயருக்கு ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

கிரீஸ்கை:
கம்பெனி வேறாக இருப்பதால் மட்டும் ஒன்றும் ஆகாது. வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது என்றால் சக்கரம் நேர்கோட்டில் இல்லை, அல்லது பேரிங், அல்லது கோணலாகத் தேய்ந்த டயர். டயர் மேல் எழுதியிருக்கும் பெயருக்கும் அதற்கும் தொடர்பில்லை.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. உங்கள் பழைய பின் டயரின் பக்கவாட்டில் 140/60-17 என்று இருக்காது, 140/60-ஆர்17 என்று இருக்கும். அந்த ‘ஆர்’தான் ரேடியல். 2008இல் எஃப்.இசட்-16 வந்தபோதே யமஹா பின்னால் ரேடியல்தான் கொடுத்தது. முன்னால் இருப்பது 100/80-17, அது சாதாரண பயாஸ் டயர். ஆக உங்கள் வண்டி கம்பெனியிலிருந்து வெளியே வரும்போதே முன்னும் பின்னும் வேறு வேறு வகை.

பயாஸில் உள்ளே இருக்கும் நூல் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காகச் சாய்வாக ஓடும், அதனால் பக்கச் சுவரும் மேல்பகுதியும் சேர்ந்தே வளையும். ரேடியலில் நூல் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகப் போகும், அதற்கு மேல் தனியாக ஒரு பெல்ட் சுற்றியிருக்கும். பக்கச் சுவர் மடங்கிக் கொடுத்தாலும் தரையில் படும் பகுதி அவ்வளவாக நெளியாது, சூடும் குறைவு. பின்னால் ரேடியல், முன்னால் பயாஸ் என்பது வண்டி கம்பெனியே ஒப்புக்கொண்ட ஜோடி. முன்னால் ரேடியல் வாங்கி மாட்டிவிட்டுப் பின்னால் பயாஸ் வைப்பதைத்தான் செய்யவே கூடாது. இரண்டும் வேறு வேறு விதமாக நெளியும்போது, சாய்ந்திருக்கும் வண்டி நிலையாக இருக்காது.

கடைக்காரர் காட்டியதில் ‘ஆர்’ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விலை குறைவு என்றாலே அது பயாஸாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். மாட்டினால் வண்டி விழுந்துவிடாது, ஊருக்குள் வித்தியாசமே தெரியாது. ஆனால் நீங்கள் போவது கொல்லிமலை. நானாக இருந்தால் ரேடியல் வரும்வரை காத்திருப்பேன், அல்லது வேறு கம்பெனி ரேடியல் வாங்குவேன். அளவுக்குப் பிறகு 63பி என்று இருக்கும், அதையும் விடாதீர்கள்: 63 என்றால் 272 கிலோ தாங்கும், பி என்றால் 150 கி.மீ. வேகம் வரை. அதற்குக் கீழே போக வேண்டாம்.

டபுள்சீட்:
150 வேண்டவே வேண்டாம் ப்ரோ. ரிம் அதே ரிம்தானே? அகலமான டயரை அதே ரிம்மில் திணித்தால் இரண்டு ஓரமும் உள்ளே இழுபட்டு நடுப்பகுதி மேடாகிவிடும், தரையில் கூடுதலாகப் படும் என்று நினைத்தது நடக்காது. 150/60 போட்டால் மொத்த விட்டம் 12 மி.மீ. கூடும், அகலம் பக்கத்துக்கு 5 மி.மீ., செயினும் மட்கார்டும் உரசுகிறதா என்று வேறு பார்க்க வேண்டும். வண்டி சாய்வதற்கும் சோம்பல்படும். பார்க்க மட்டும் கெத்தாக இருக்கும், அதை நான் மறுக்கவில்லை.

யாராவது 2023இல் வந்த வி4 வைத்திருந்தால் இன்னும் கவனம். அதில் டிராக்‌ஷன் கன்ட்ரோல் (பின் சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுப்பது) இருக்கிறது. முன் சக்கரம், பின் சக்கரம் இரண்டின் வேகத்தையும் ஒப்பிட்டுத்தான் அது வேலை செய்கிறது, ஒன்றின் சுற்றளவை மாற்றினால் அதன் கணக்கும் மாறும்.

மலைப்பாதை:
கிரீஸ்கை அண்ணன் சொன்னதில் எனக்குப் பாதிதான் சம்மதம். கம்பெனி மாறினால் ஒன்றுமே ஆகாது என்று சொல்ல முடியாது. ஒரே அளவு எழுதியிருந்தாலும் ஒரு கம்பெனி டயர் கூராக வளைந்திருக்கும், இன்னொன்று தட்டையாக இருக்கும். பின்னால் கூரான டயர் வந்தால் வண்டி சட்டென்று சாயும், முன் டயர் பழையதாக, ஓரம் தேய்ந்து இருந்தால் அந்தச் சாய்வுக்கு அது ஈடுகொடுக்காது. ரப்பர் கலவையும் அப்படித்தான். நிறைய கி.மீ. ஓட வேண்டும் என்று செய்த கெட்டி ரப்பர் ஈரச் சாலையில் வழுக்கும். உங்கள் வி3யில் ஏபிஎஸ் முன் சக்கரத்துக்கு மட்டும்தான். மழையில் இறக்கத்தில் பின் பிரேக்கை அழுத்தினால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு இழுத்துப் போவதைத் தடுக்க எதுவும் கிடையாது. ஆகவே பின் டயரில் மலிவு பார்க்காதீர்கள்.

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 ஓட்டுபவர்கள் வேண்டுமென்றே முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று போடுவது உண்டு. முன்னால் 21 அங்குலத்தில் பட்டன் டயர் (மண்பாதைக்கான, பெரிய கட்டைகள் உள்ள டயர்), பின்னால் தார்ச்சாலைக்கான டயர். சேற்றிலும் மணலிலும் திசை கொடுப்பது முன் டயர்தான், பின் டயர் கொஞ்சம் வழுக்கினாலும் சமாளித்துவிடலாம், பட்டனைப் பின்னால் போட்டால் அது சீக்கிரம் தேய்ந்தும் போகும். வால்பாறை போல முழுக்கத் தார்ச்சாலைக்கு மட்டும் போகிறவருக்கு இது தேவையே இல்லை, ஈரத் தாரில் முன் பட்டன் டயர் பிரேக்கில் நெளியும்.

நாமக்கல்காரன் தம்பி, உங்கள் முன் டயரில் நாலு இலக்க எண் ஒன்று நீள்வட்டத்துக்குள் இருக்கும், பார்த்துச் சொல்லுங்கள். எனக்கு அதுதான் கவலை.

நாமக்கல்காரன்:
பார்த்தேன் அண்ணா. முன் டயரில் 3519. கடையில் இருப்பதில் ‘ஆர்’ இல்லை, வெறும் 140/60-17. முன் டயரின் பட்டன் இடுக்குகளில் தலைமுடி போல மெல்லிய வெடிப்புகள் தெரிகின்றன, இத்தனை நாள் அழுக்கு என்று நினைத்திருந்தேன்.

மலைப்பாதை:
2019இன் 35ஆவது வாரம். பட்டன் மிச்சம் இருக்கிறது, ரப்பர்தான் காய்ந்துவிட்டது. வெடிப்பு வந்த டயரோடு கொல்லிமலை இறங்காதீர்கள். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது எடையின் பெரும்பகுதி முன்னால்தான் வந்து விழுகிறது. கையில் ஒரு டயருக்குத்தான் பணம் என்றால், பின்னால் மொட்டை என்பதால் அதை மட்டும் மாற்றிவிட்டு மலைக்குப் போகாமல் ஊருக்குள் ஓட்டுங்கள், அடுத்த மாதம் முன்னால். மலைக்குப் போவது இரண்டும் வந்த பிறகு.

கிரீஸ்கை:
முன்னால் 100/80-17, 52பி, பயாஸே போதும். பின்னால் ரேடியல். இரண்டும் ஒரே கம்பெனியாகக் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் கவலைப்படாதீர்கள். மாட்டும்போது பக்கத்திலேயே நின்று அம்புக்குறியைப் பாருங்கள். முன், பின் இரண்டுக்கும் பொதுவாக விற்கும் டயரில் இரண்டு அம்பு இருக்கும், முன்னால் மாட்டும்போது திசை மாறும், ஏனென்றால் முன் டயர் பிரேக்கின் இழுப்பைத் தாங்குகிறது, பின் டயர் என்ஜினின் இழுப்பைத் தாங்குகிறது. அவசரத்தில் இதைத் தவறாக மாட்டுகிற கடைகள் உண்டு. டியூப்லெஸ் வால்வையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள், சின்னச் செலவுதான். புது டயரில் மேல்பூச்சு போகும்வரை முதல் 150 கி.மீ. அளவுக்குப் பெரிதாகச் சாய்க்காதீர்கள்.