பள்ளிக்கூடப் பல் ஆய்வு: முகாமில் எண்கள் எங்கே பிசகுகின்றன? (அனுபவப் பகிர்வு; ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

கடைவாய்

எம்.டி.எஸ். (பல் மருத்துவ மேற்படிப்பு) சேர்ந்தவர்கள் சினாப்சிஸ் (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) எழுதும் பருவம் இது. பொதுச் சுகாதாரப் பல் மருத்துவம், குழந்தைகள் பல் மருத்துவம் இரண்டிலும் நிறையப் பேர் ஏதாவது ஒரு பள்ளியில் டி.எம்.எஃப்.டி. (சொத்தை "டி", இழந்தது "எம்", அடைத்தது "எஃப்" என்று பற்களை எண்ணும் கணக்கு) எடுக்கத்தான் போகிறார்கள். வைவாவில் கேட்பதெல்லாம் புள்ளியியல். ஆனால் எண்கள் கெடுவது அதற்கு வெகு முன்பே, வகுப்பறைப் பெஞ்சில். ஆகவே முகாம்களில் பார்த்ததை எழுதுங்கள்: எந்தக் கருவி, எந்தக் குறியீடு, எது பிசகும், ஏன். வீரக்கதை வேண்டாம்.

கருவியிலிருந்து தொடங்குகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி (2013, ஐந்தாம் பதிப்பு) இரண்டே போதும்: தட்டைக் கண்ணாடியும் சி.பி.ஐ. ப்ரோபும் (ஈறை அளக்கும் மெல்லிய கம்பி). ப்ரோபின் நுனியில் 0.5 மி.மீ. உருண்டை இருக்கும், 3.5 முதல் 5.5 மி.மீ. வரை கறுப்புப் பட்டை. கூர்முனைக் கம்பியான எக்ஸ்ப்ளோரரை முகாம் பெட்டியிலேயே வைக்காதீர்கள், இருந்தால் கை தானாக அதற்குப் போகும். பள்ளத்தில் முனை சிக்கினால் சொத்தை என்று எழுதுவது பழைய பழக்கம். பள்ளம் குறுகலாக இருந்தாலும் சிக்கும், கை அழுத்தினாலும் சிக்கும். வெண்புள்ளி (குழி விழாத ஆரம்பச் சொத்தை) நிலையில் மேல்தோல் உடையாமல் இருக்கும் எனாமலை அந்த முனை குத்தி உடைத்தும் விடும். அளக்கப் போன இடத்தில் குழியை நாமே வெட்டிவிட்டு வருவது நியாயமில்லை.

ஒரு பரிசோதகருக்குக் குறைந்தது 30 கண்ணாடி, 30 ப்ரோப் வேண்டும். ஒரு பகுதி பயன்பாட்டில் இருக்கும்போது மறு பகுதி ஸ்டெரிலைஸ் ஆகும். இதைக் குறைத்துக்கொண்டு போனால் மதியத்துக்குள் கருவி தீர்ந்து, "கொஞ்சம் துடைத்துக்கொள்ளலாமா" என்ற பேச்சு எழும். அந்த நிலைமைக்கு இடம் கொடுக்கவே கூடாது.

வெளிச்சமும் ஒரு கருவிதான். ஹெட்லேம்ப் என்றால் எல்லாப் பள்ளியிலும் ஹெட்லேம்ப், ஜன்னல் வெளிச்சம் என்றால் எல்லா இடத்திலும் அதுவே. பாதிப் பள்ளி இப்படி, பாதி அப்படி என்றால் பள்ளிகளுக்கிடையே காணும் வித்தியாசம் சொத்தையினுடையதா, விளக்கினுடையதா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

குறிப்பெழுதி

பரிசோதகரைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம், பக்கத்தில் உட்கார்ந்து எழுதுபவரை யாரும் பயிற்றுவிப்பதில்லை. முதலாண்டு இன்டர்னைப் பிடித்து பேனாவைக் கொடுத்துவிடுகிறோம்.

இரண்டு இலக்கப் பல் எண்ணை (முதல் இலக்கம் வாயின் கால்பகுதி, அடுத்தது அதில் எத்தனையாவது பல்) "சிக்ஸ்டீன்" என்று சொல்லக்கூடாது, "ஒன் சிக்ஸ்" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும். நூறு பிள்ளைகள் சத்தம் போடும் வராந்தாவில் "பிஃப்டீன்", "பிஃப்டி" இரண்டும் ஒன்றாகவே கேட்கும். வாய்க்குள் போகும் வரிசையும் மாறக்கூடாது: மேல் வலக் கடைசியில் தொடங்கி மேல் இடம், பின் கீழ் இடம், கீழ் வலம். எழுதுபவர் குறியீட்டைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கால்பகுதி முடிந்ததும் "இங்கே இத்தனை கட்டம் நிரம்பியது" என்று சொல்வது இன்னும் நல்லது. ஒரு கட்டம் தள்ளி எழுதிவிட்டால் அந்தக் கால்பகுதியே நகர்ந்துவிடும், டேட்டா என்ட்ரியில் யார் கண்ணிலும் படாது.

பால்பல்

ஆறு முதல் பன்னிரண்டு வயது வாய்தான் தொல்லை. பாலும் நிலையும் கலந்து நிற்கும்.

எப்போது ஒரு நிலைப்பல் "முளைத்தது"? ஏதாவது ஒரு பகுதி கண்ணுக்குத் தெரிந்தாலோ, ஈறை விலக்காமல் ப்ரோப் முனையால் தொட முடிந்தாலோ முளைத்ததாகக் கணக்கு. ஒரே இடத்தில் பால்பல்லும் நிலைப்பல்லும் இருந்தால் நிலைப்பல்லை மட்டும் எழுதுங்கள். சிறு குழந்தைகளில் கீழ் முன்பல்லுக்குப் பின்னால் இரண்டாம் வரிசையாக முளைப்பது சர்வ சாதாரணம், இரண்டையும் எழுதினால் மொத்தம் கூடிவிடும்.

அடுத்தது இல்லாத பல். ஏழு வயதுப் பிள்ளைக்கு மேல் முன்பல் இல்லை என்றால் அது விழுந்த பல், சொத்தையால் இழந்த பல் அல்ல. இயல்பாக விழும் வயதே காரணமாக இருக்க முடியாதபோதுதான் பால்பல்லுக்குச் "சொத்தையால் இழப்பு" குறியீடு. ஐந்து வயதில் பால் கடைவாய்ப்பல் இல்லை என்றால் பிடுங்கியிருக்கிறார்கள், தயங்காமல் எழுதலாம். பத்து வயதில் அதே பல் இல்லாவிட்டால் எழுதக்கூடாது. இந்த விதியைப் பிடிக்காத ஆய்வுகளில் ஏழு, எட்டு வயதில் டி.எம்.எஃப்.டி.யின் "எம்" பகுதி திடீரென்று வீங்கியிருக்கும். அட்டவணையைப் பார்த்ததுமே தெரிந்துவிடும்.

இன்னொன்று, சந்தேகம் வந்தால் குறைந்த குறியீட்டை எழுதுவது. உலக சுகாதார நிறுவன முறையில் குழி, அடியரித்த எனாமல், மெத்தென்ற தரை அல்லது சுவர் என்று ஐயமில்லாமல் தெரிந்தால் மட்டுமே சொத்தை. வெண்புள்ளி, நிறம் மாறிய கடினமான பள்ளம் எல்லாம் "நலம்". ஆரம்பச் சொத்தையையும் படிப்படியாகக் குறிக்கும் ஐ.சி.டி.ஏ.எஸ். முறையை எடுப்பவர்களுக்கு இது பொருந்தாது. அதில் 5 நொடி காற்றில் உலர்த்தியபின் மட்டும் தெரிவது குறியீடு 1, ஈரத்திலேயே தெரிவது 2, எனாமல் உடைந்தால் 3, அடியில் கருநிழல் 4, டென்டின் (எனாமலுக்கு அடியிலுள்ள அடுக்கு) தெரியும் குழி 5, பரப்பில் பாதிக்கு மேல் போனால் 6. கம்ப்ரஸர் இல்லாத பள்ளி முகாமில் குறியீடு 1 எழுதப்பட்டிருந்தால் எப்படி உலர்த்தினார்கள் என்பதே முதல் கேள்வி.

கப்பா கணக்கு

கேலிபரேஷன் (பரிசோதகர்கள் ஒரே மாதிரி குறிக்கிறார்களா என்று சரிபார்ப்பது) பகுதியில் "பரிசோதகர்களிடையே 95 சதவீத ஒற்றுமை" என்று ஒரு வரி போட்டு நகர்ந்துவிடுவார்கள். அந்த எண் எதையும் சொல்லாது. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

25 பிள்ளைகள், ஆளுக்கு 28 பல் என்று வைத்தால் 700 பல். இருவரும் சொத்தை என்றது 20. முதலாமவர் மட்டும் சொன்னது 15, இரண்டாமவர் மட்டும் சொன்னது 15. இருவரும் நலம் என்றது 650. ஒற்றுமை 670/700, அதாவது 95.7 சதவீதம். பார்க்கப் பிரமாதம். ஆனால் இருவருமே 5 சதவீதப் பற்களைத்தான் சொத்தை என்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு அதே விகிதத்தில் சொல்லியிருந்தாலும் 0.05 × 0.05 + 0.95 × 0.95 = 0.905 ஒற்றுமை தற்செயலாகவே வந்திருக்கும். தற்செயலைக் கழித்த ஒற்றுமைதான் கப்பா. கப்பா = (0.957 − 0.905) ÷ (1 − 0.905), சுமார் 0.55. லாண்டிஸ்–காக் 1977 அளவுகோலில் இது வெறும் "மிதமானது". ஒருவர் சொத்தை என்று சொன்ன 35 பல்லில் 15ஐ மற்றவர் ஏற்கவில்லை என்பதுதான் விஷயம்.

ஆகவே கேலிபரேஷனுக்கு வரும் 25 பிள்ளைகளைக் கண்ணில் பட்டபடி கூட்டி வரக்கூடாது. ஆய்வில் எதிர்பார்க்கும் எல்லா நிலைகளும், நலமான வாய், ஆரம்பச் சொத்தை, பெரும் குழி, அடைத்த பல், பிடுங்கிய பல், அந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டும். பரிசோதகர் ஒருவரே என்றால் அதே 25 பேரை இரண்டு முறை பார்க்க வேண்டும், அடுத்தடுத்த நாளில். முடியாவிட்டால் குறைந்தது அரை மணி இடைவெளி. படங்களை ப்ரொஜெக்டரில் காட்டிச் செய்யும் பயிற்சி குறியீடுகளை மனப்பாடம் செய்ய உதவும், கேலிபரேஷனுக்கு அது பதிலாகாது. படத்தில் எச்சிலும் இல்லை, நாக்கும் இல்லை.

கேலிபரேஷனோடு வேலை முடியவில்லை. ஆய்வு நடக்கும்போதே 5 முதல் 10 சதவீதம் பேரை மறுபடி பார்க்க வேண்டும், தொடக்கத்தில் மட்டுமல்ல, நடுவிலும் முடிவிலும். யார் மறுபடி வருகிறார்கள் என்று பரிசோதகருக்குத் தெரியக்கூடாது. ஆசிரியரிடம் சொல்லி வரிசையில் கலந்துவிடுங்கள். வாரங்கள் போகப் போகக் கண் நகரும். சிலர் களைத்து எதையும் "நலம்" என்பார்கள், சிலர் கெட்ட வாய்களையே பார்த்துப் பழகி எல்லாவற்றிலும் குழி காண்பார்கள்.

கடைவாய்

சாம்பிள் சைஸ் பற்றியும் ரெண்டு வரி எழுதுங்கள் சார்.

கப்பா கணக்கு

எழுதுகிறேன் டாக்டர். வகுப்பு வகுப்பாக எடுத்துவிட்டு, பிள்ளை பிள்ளையாகக் குலுக்கியது போலக் கணக்குப் போடுவதுதான் அதிகம் நடப்பது. ஒரே வகுப்புப் பிள்ளைகள் ஒரே குழாயில் குடிக்கிறார்கள், ஒரே கடையில் மிட்டாய் வாங்குகிறார்கள். சாம்பிள் சைஸைப் பெருக்க வேண்டிய எண் 1 + (m − 1) × ρ. m வகுப்பிலுள்ள பிள்ளைகள், ρ அவர்களிடையே உள்ள உள்ஒற்றுமை. வகுப்புக்கு 30 பேர், உள்ஒற்றுமை 0.05 என்றால்கூட 2.45 வரும். ஒரு குழுவுக்கு 200 போதும் என்று நினைத்தவருக்கு 490 வேண்டும். பிள்ளைகளைக் கூட்டுவதைவிட வகுப்புகளைக் கூட்டுவது லாபம்.

சராசரியை மட்டும் எழுதாதீர்கள். நிறையப் பிள்ளைகள் பூஜ்யத்திலும் சிலர் ஏழு எட்டிலும் நிற்கும் கூட்டத்துக்குச் சராசரி 1.2 என்றால் அப்படி ஒரு பிள்ளையே அங்கே இருக்காது. அதிகச் சொத்தை உள்ள மூன்றில் ஒரு பங்கினரின் சராசரியைத் தனியே கொடுங்கள், 2000இல் பிராட்டால் முன்வைத்த எஸ்.ஐ.சி. குறியீடு அதற்குத்தான்.

சேலத்துப் பல்

தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் ஆய்வு செய்பவர்களுக்கு. ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகுந்து பல்லில் திட்டு விழுவது) பகுதியில் வெண்புள்ளிகளைப் பிரிக்கத் தெரியாவிட்டால் சொத்தை எண், ஃபுளோரோசிஸ் எண் இரண்டும் போச்சு. ஈறோரமாக வளைந்து படிந்த வெண்மை, பிளேக் (பல்லில் படியும் கிருமிப் படலம்) தேங்கும் இடத்தில் இருந்தால் ஆரம்பச் சொத்தை. இருபுறமும் ஒரே மாதிரி, கிடைக்கோடுகளாக எல்லை கரைந்து தெரிந்தால் ஃபுளோரோசிஸ். முதல் கடைவாய்ப்பல்லிலும் முன்பல்லிலும் எல்லை வெட்டித் தெரியும் வெண்மை அல்லது பழுப்புத் திட்டு என்றால் எம்.ஐ.எச். எனும் எனாமல் வளர்ச்சிக் குறை.

ஃபுளோரோசிஸுக்கான டீன் குறியீட்டில் அதிகம் பாதித்த இரு பற்களைப் பாருங்கள். இரண்டும் சமமாக இல்லையென்றால் குறைவாகப் பாதித்ததன் மதிப்பெண்ணை எழுதுங்கள். பலர் மோசமானதை எழுதிவிடுகிறார்கள். ஃபுளோரோசிஸுக்கான இன்னொன்றான தைல்ஸ்ட்ரப்–ஃபேயர்ஸ்கோவ் குறியீடு என்றால் பல்லை உலர்த்திப் பார்க்க வேண்டும், டீனுக்கு உலர்த்துவதில்லை. இரண்டையும் ஒரே அமர்வில் எடுப்பவர்கள் டீனை முதலில் முடியுங்கள்.

தண்ணீர் மாதிரியைக் கண்ணாடிக் குப்பியில் எடுக்காதீர்கள், பாலித்தீன் பாட்டில் வேண்டும். அயனி மின்முனையில் அளக்கும்போது டிசாப் (பிணைந்த ஃபுளோரைடை விடுவிக்கும் கரைசல்) சேர்க்காவிட்டால் அலுமினியம், இரும்போடு பிணைந்த ஃபுளோரைடு கணக்கில் வராது. அதைவிடப் பெரிய பிசகு இன்றைய தண்ணீரை இன்றைய பல்லோடு ஒப்பிடுவது. மேல் நடு முன்பல்லின் எனாமல் பிறந்த சில மாதங்களில் தொடங்கி நான்கைந்து வயதுக்குள் உருவாகி முடிகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் பல் சொல்வது அந்தக் காலத்துத் தண்ணீரை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த ஊர்களில் இது இன்னும் முக்கியம். எந்த ஆண்டு குழாய் வந்தது, அதற்குமுன் எந்தப் போர்வெல், பிள்ளை அப்போது அதே ஊரில்தான் இருந்ததா? கேள்வித்தாளில் இந்த மூன்றும் இருக்கட்டும். ஒப்பிடும் அளவு இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500: ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மி.கி., வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 1.5 வரை.

பால்பல்

சொத்தை பரவாமல் நிறுத்தப் பூசும், பூசிய இடத்தைக் கறுப்பாக்கும் சில்வர் டயமின் ஃபுளோரைடு வைத்து ட்ரயல் செய்ய இப்போது நிறையப் பேர் ஆசைப்படுகிறார்கள், 2021இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் வந்துவிட்டது. 38 சதவீதக் கரைசலில் சுமார் 44,800 பி.பி.எம். ஃபுளோரைடு. பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஒரு சொட்டு, அது நாலைந்து பல்லுக்குக் காணும். உதட்டில் வாசலின், காட்டன் ரோல், உலர்த்தல், மைக்ரோபிரஷில் ஒரு நிமிடம். முன்கூட்டியே ஊற்றி வைக்காதீர்கள், அம்மோனியா ஆவியாகும். தோலில் பட்ட கறை ஓரிரு வாரத்தில் போகும், பள்ளிச் சீருடையில் பட்டால் போகாது. பெற்றோர் சண்டைக்கு வருவது பெரும்பாலும் சீருடைக்குத்தான்!

தானாக வலிப்பது, ஈறில் சீழ்க்கட்டி, வெள்ளி ஒவ்வாமை, வாய்ப்புண் இருந்தால் சேர்க்காதீர்கள். சம்மதப் படிவத்தில் கறுத்த பல்லின் நிறப்படம் கட்டாயம். "நிறம் மாறலாம்" என்ற சொல்லை வைத்து யாரும் அந்தக் கறுப்பைக் கற்பனை செய்துகொள்ள முடியாது.

ஆய்வாக இதில் உள்ள முடிச்சு, பிளைண்டிங் (யார் எந்தக் குழு என்று பரிசோதகருக்குத் தெரியாமல் வைப்பது). ஃபுளோரைடு வார்னிஷோடு ஒப்பிட்டால் கறுத்த பல்லைப் பார்த்ததும் எந்தக் குழு என்று பரிசோதகருக்குத் தெரிந்துவிடும். ஹாங்காங் மழலையர் பள்ளிகளில் 888 குழந்தைகளோடு நடந்த ஆய்வு 12, 38 சதவீதக் கரைசல்களை, ஆண்டுக்கு ஒன்று, இரண்டு என்ற முறையில் ஒப்பிட்டது. எல்லாக் குழுவிலும் கறுப்பு வருமென்பதால் பரிசோதகர் ஊகிப்பது கடினம். 30 மாதத்தில் 38 சதவீதம், ஆண்டுக்கு இருமுறை பூசிய குழுவில் 75.7 சதவீதச் சொத்தைகள் மேலும் பரவாமல் நின்றன. 12 சதவீதம், ஒருமுறை மட்டும் என்ற குழுவில் 55.2. சொத்தை நின்றதா என்பதை நிறத்தால் முடிவு செய்யாமல், உருண்டை முனையால் மெல்ல அழுத்தி, கடினமா என்று பார்த்து எழுதுங்கள்.

ஞானப்பல்

சுருக்கமாக: ஃபுளோரைடு வார்னிஷை ஸ்ப்ளிட்-மவுத் டிசைனில் (வாயின் ஒரு பக்கம் மருந்து, மறுபக்கம் ஒப்பீடு) போடாதீர்கள். 5 சதவீத சோடியம் ஃபுளோரைடு, 22,600 பி.பி.எம்., எச்சிலில் கரைந்து மறுபக்கமும் போகும். இரு பக்கமும் ஒன்றாகத் தெரிந்து "பயனில்லை" என்று முடிவு வரும். சீலண்டுக்கு (பல்லின் பள்ளத்தை மூடும் பூச்சு) ஸ்ப்ளிட்-மவுத் சரி, அது பூசிய பல்லோடு நிற்கும்.

குளோர்ஹெக்சிடின் வாய்கொப்பளிப்பு ட்ரயலில் கறை காட்டிக்கொடுக்கும், எனவே பிளேக் மதிப்பெண்ணை எடுப்பவரும் கறையை எடுப்பவரும் வேறு ஆளாக இருக்கட்டும். பேஸ்ட்டிலுள்ள சோடியம் லாரில் சல்பேட் அதன் வேலையைக் கெடுக்கும், துலக்கி அரை மணி கழித்துக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். கன்ட்ரோல் குழுவிலும் பிளேக் குறையும். பார்க்க ஆள் வருகிறது என்று தெரிந்தால் எந்தப் பிள்ளையும் நன்றாகத் துலக்கும்.

கடைவாய்

அனுமதிகள். தலைமையாசிரியர் கையெழுத்து பள்ளிக்குள் நுழைய மட்டும். பெற்றோர் சம்மதம் தனி. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்படி 7 முதல் 12 வயது வரை பிள்ளையின் வாய்வழி ஒப்புதல், அதற்குமேல் 18 வரை எழுத்து ஒப்புதல். சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு முதல் ஆளைச் சேர்க்குமுன் முடிந்திருக்க வேண்டும், 2018 ஏப்ரல் 1 முதல் பின்தேதிப் பதிவு கிடையாது. எத்திக்ஸ் கடிதம் வந்த மறுநாளே முகாமுக்கு ஓடுபவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

படிவம் திரும்பி வராத பிள்ளைகளின் எண்ணிக்கையை வகுப்புவாரியாகக் குறித்து வையுங்கள். திருப்பிக் கொடுக்காத வீடுகளில் சொத்தை அதிகம் இருக்கக்கூடும், அந்த ஓட்டை எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் தெரியும். சீழ், முகவீக்கம் கண்டால் அன்றே பெற்றோருக்குச் சீட்டு. அது ஆய்வுக் கட்டம் அல்ல, மருத்துவரின் கடமை.

குறிப்பெழுதி

கடைசிக் கட்டம் எக்செல். உலக சுகாதார நிறுவன முறையில் குறியீடு 1 (சொத்தை), 2 (அடைத்த பல்லில் சொத்தை) இரண்டும் "டி". 3 (அடைத்தது) "எஃப்". 30 வயதுக்குக் கீழ் 4 (சொத்தையால் இழந்தது) மட்டும் "எம்", அதற்குமேல் 4, 5 (வேறு காரணத்தால் இழந்தது) இரண்டும். 6 சீலண்ட், 7 கிரௌன், 8 முளைக்காதது, 9 பதியாதது. இவை நான்கும் டி.எம்.எஃப்.டி.யில் சேராது. கட்டங்களைக் கூட்டும் ஃபார்முலா போட்டால் 8ஐயும் 9ஐயும் கூட்டிவிடும், COUNTIF மாதிரி எண்ணும் ஃபார்முலாதான் வேண்டும். தமிழில் சொன்னால், கூட்டாதே, எண்ணு. வெற்றுக் கட்டத்தை 0 ஆக்கிவிடாதீர்கள், 0 என்றால் நலமான பல், வெறுமை என்றால் யாரும் பார்க்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு டி.எம்.எஃப்.டி. 28ஐத் தாண்டி வந்தால் அந்தப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு கட்டம் கட்டமாகப் பாருங்கள்.