விலையே போடாத மென்பொருள் தளங்கள்: டெமோவுக்கு உட்காராமல் விலை வாங்குவது எப்படி?

40 பேருக்கு ஒரு சிஆர்எம் (வாடிக்கையாளர் விவரங்களை நிர்வகிக்கும் மென்பொருள்) தேடுகிறோம். எந்தத் தளத்துக்குப் போனாலும் 'விற்பனைக் குழுவை அணுகவும்' பட்டன், திறந்ததும் பாய்ந்து வரும் சாட் பெட்டி, பிடிஎஃப் பார்க்கக்கூட போன் நம்பர். குறுக்கு வழி உண்டா?

பதில் 1:
படிவத்தின் குறிப்புப் பெட்டியிலேயே எழுதிவிடுங்கள்: "40 பயனர், 12 மாதம், எஸ்எஸ்ஓ தேவை. பட்டியல் விலையும் குறைந்தபட்சத் தொகையும் மின்னஞ்சலில் வந்தால்தான் டெமோ." (எஸ்எஸ்ஓ என்றால் ஒரே அலுவலகக் கணக்கில் எல்லா மென்பொருளுக்கும் உள்நுழையும் வசதி.) எண்ணிக்கையைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு வரம்பாவது சொல்வார்கள். அமேசானின் மென்பொருள் சந்தையான ஏடபிள்யூஎஸ் மார்க்கெட்பிளேஸையும் ஒருமுறை தேடுங்கள். சில நிறுவனங்கள் தளத்தில் மறைக்கும் விலை அங்கே வெளிப்படையாக இருக்கும்.

பதில் 2:
பயனர் விலை மட்டும் கிடைத்துப் பயனில்லை. அடி விழுவது வேறு இடங்களில். எஸ்எஸ்ஓ பல நேரம் மேல்நிலைத் திட்டத்தில்தான் இருக்கும். அதற்காகவே 40 பேரையும் அந்தத் திட்டத்துக்கு ஏற்ற வேண்டிவரும். நிறுவல் கட்டணம், ஏபிஐ வரம்பு (வேறு மென்பொருளோடு இணைத்துத் தரவு பரிமாறும் அளவு), சோதனைச் சூழல் (நிஜத் தரவைத் தொடாமல் முயன்று பார்க்கும் தனிப் பிரதி) மூன்றும் தனித்தனி வரியாக வேண்டும் என்று கேளுங்கள். ஆர்டர் படிவத்தில் தானியங்கிப் புதுப்பிப்பு விதியைத் தேடுங்கள்: 60 அல்லது 90 நாள் முன்பே எழுத்தில் மறுக்காவிட்டால் இன்னொரு வருடம் தலையில். புதுப்பிக்கும்போது விலை ஏற்றத்துக்கு 5% உச்சவரம்பு கேளுங்கள். கையெழுத்துக்கு முன்னால் மட்டுமே அது நடக்கும்.

பதில் 3:
காலாண்டுக் கடைசி வாரத்தில் பேரம் பேசுங்கள், அவர்களுக்கு இலக்கு நெருக்கும். பட்ஜெட்டை மட்டும் முதலில் வாய்விடாதீர்கள். அதுவே விலையாகத் திரும்பி வரும்.