வினிபெக் ஜெட்ஸ்: ஒரு பெயர், இரண்டு கணக்கு

நீலக்கோடு:
கனடாவின் வினிபெக் நகரத்துப் பனி ஹாக்கி அணியான ஜெட்ஸின் புள்ளிவிவரம் தேடுகிறவர்கள் முதலில் ஆண்டைப் பாருங்கள், அப்புறம் பெயரை. 1972 முதல் 1979 வரை டபிள்யூ.எச்.ஏ. (வேர்ல்ட் ஹாக்கி அசோசியேஷன்) லீக்கில் ஆடியதும், 1979 முதல் 1996 வரை என்.எச்.எல்.லில் (நேஷனல் ஹாக்கி லீக்) ஆடியதும் ஒரே அணி. 2011-இல் வந்தது வேறு அணி. அது அட்லாண்டா திராஷர்ஸாக 1999-இல் ஆடத் தொடங்கி, இடம் மாறி, பழைய பெயரைச் சூட்டிக்கொண்டது.

இதில் எல்லாரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். என்.எச்.எல். சாதனைகளை ஊரின் பேரில் வைப்பதில்லை; லீக்கில் அணி நடத்தும் உரிமம் எந்த ஊருக்குப் போனாலும், சாதனைகளும் அந்த உரிமத்தோடே போகும். பழைய ஜெட்ஸின் நட்சத்திரம் டேல் ஹாவர்சக் வினிபெக்கில் அடித்த 379 கோல்களும் 1996-இல் அணியோடு அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸுக்குப் போய்விட்டன; அங்கே அணியின் பெயர் கயோட்டீஸ் ஆனது. அதனால்தான் இன்றைய ஜெட்ஸின் மார்க் ஷைஃபெலி 2025-இல் ‘அணியின் அதிக கோல்’ சாதனையைப் படைத்தபோது அவர் தாண்டியது இலியா கோவால்சுக்கின் 328-ஐ. அத்தனையும் அட்லாண்டாவுக்காக அடித்தவை!

பக்:
டபிள்யூ.எச்.ஏ. காலத்தை இரண்டு வரியில் தாண்டிப் போவது அநியாயம். ஜெட்ஸ் பெயரில் வந்த சாம்பியன் கோப்பைகள் மூன்றும் அங்கேதான் கிடைத்தன: 1976, 1978, 1979-இல் ஆவ்கோ கோப்பை, அதாவது அந்த லீக்கின் சாம்பியன் கோப்பை. 1972-இல் என்.எச்.எல். நட்சத்திரம் பாபி ஹல்லை சிகாகோவிலிருந்து இழுக்க 10 லட்சம் டாலர் முன்பணம். தனியாக ஒரு அணியால் முடியாது என்று லீக்கின் மற்ற அணிகளும் பங்கு போட்டன. 1974-இல் சுவீடனிலிருந்து உல்ஃப் நீல்சன், ஆண்டர்ஸ் ஹெட்பெர்க். நடுவில் நீல்சன், இடப்பக்கம் ஹல், வலப்பக்கம் ஹெட்பெர்க். ஐரோப்பியர்கள் வட அமெரிக்க முரட்டு ஆட்டத்தைத் தாங்கமாட்டார்கள் என்ற பேச்சு இந்த மூவரணியோடு அடங்கியது. 1978 ஜனவரியில் சோவியத் தேசிய அணியையே 5–3 என்று வீழ்த்தினார்கள்.

பிறகு ஏன் விழுந்தார்கள்? 1979-இல் என்.எச்.எல். வைத்த நிபந்தனை அப்படி. டபிள்யூ.எச்.ஏ.விலிருந்து வரும் நான்கு அணிகளும் தலா 2 கோல்கீப்பர், 2 மற்ற ஆட்டக்காரர்களை மட்டுமே காத்துக்கொள்ளலாம். தங்களுக்கு உரிமை இருந்த வீரர்களைப் பழைய என்.எச்.எல். அணிகள் திரும்ப எடுத்துக்கொண்டன. புது வீரர் தேர்விலும் கடைசி வரிசை. கோப்பை வென்ற அணி அங்கேயே கலைந்தது. 1980–81-இல் 80 ஆட்டத்தில் 9 வெற்றி; தொடர்ந்து 30 ஆட்டம் வெற்றியே இல்லை. கடைசி இடத்தால் புது வீரர் தேர்வில் முதல் வாய்ப்பு கிடைத்தது; அதுதான் ஹாவர்சக்கைக் கொடுத்தது. அடுத்த சீசனில் 32 புள்ளி 80 ஆனது.

கோல்வலை:
1996-இல் அணி ஊரை விட்டுப் போனதற்கு ‘ரசிகர் இல்லை’ என்று சிலர் எழுதுவது தவறு. வருமானம் கனடிய டாலரில், சம்பளம் அமெரிக்க டாலரில். அப்போது கனடிய டாலர் 73 அமெரிக்க சென்ட் அளவில் கிடந்தது. சம்பளத்துக்கு உச்சவரம்பும் இல்லை. 1955-இல் கட்டிய அரங்கில் நிறுவனங்களுக்கு விற்கத் தக்க சொகுசு அறைகள் போதவில்லை.

2004-இல் திறந்த புது அரங்கின் இருக்கைகளும் சுமார் 15,000தான், பழையதும் ஏறக்குறைய அவ்வளவே. மாறியது சொகுசு அறைகளும், 2004–05-இல் அணி உரிமையாளர்கள் ஆட்டங்களை நிறுத்திய கதவடைப்புக்குப் பின் வந்த சம்பள உச்சவரம்பும். இவை இரண்டும் இல்லாமல் 2011-இல் அணி வந்திருக்காது. அப்போதும் லீக் முன்கூட்டியே 13,000 சீசன் டிக்கெட் கேட்டது. பொதுவிற்பனை திறந்த சில நிமிடங்களில் தீர்ந்தது.

வெள்ளை உடை வழக்கம் பற்றியும் ஒன்று. வினிபெக் ரசிகர்கள் வெள்ளை உடுத்தி வருவது 1987-இல் எதிரணி கேல்கரி ரசிகர்களின் சிவப்புக்குப் பதிலடியாகத் தொடங்கியது. அன்று உள்ளூர் அணியின் சீருடையும் வெள்ளை. இன்று உள்ளூரில் கருநீலம் அணிந்து ஆடுகிறார்கள், அரங்கம் மட்டும் வெள்ளை. படத்தைப் பார்த்துக் காலம் கணிக்க இது உதவும்.

நீலக்கோடு:
சீருடை எண் 9-ஐ வைத்தே இந்தக் குழப்பம் முழுவதையும் காட்டலாம். பழைய ஜெட்ஸ் அதை பாபி ஹல்லுக்காக ஓய்வுபெறச் செய்தது, அதாவது அணியில் வேறு யாரும் அதை அணியக்கூடாது. அந்த ஓய்வு ஃபீனிக்ஸுக்குப் போனது. 2005-இல் அவர் மகன் பிரெட் ஹல் அங்கே அதை அணிய விலக்கு கொடுத்தார்கள். அவர் 5 ஆட்டத்தோடு நிறுத்திக்கொண்டார். 2011-இல் வினிபெக்கில் எவாண்டர் கேன் 9 அணிந்ததற்கு விதிப்படி தடையே இல்லை, ஆனாலும் பாபி ஹல்லின் சம்மதத்தோடுதான் அணிந்தார்.

சறுக்கல்:
2024-இல் கயோட்டீஸ் (பின்னாளில் அரிசோனா கயோட்டீஸ்) வீரர்கள் யூட்டாவுக்குப் போனார்களே, ஹாவர்சக் கணக்கும் போனதா?

நீலக்கோடு:
இல்லை. யூட்டாவை லீக் புது அணியாகவே பதிவு செய்தது. வீரர்களும் தேர்வு உரிமைகளும் மட்டும் மாறின. பழைய வரலாறு செயலற்றுக் கிடக்கும் அரிசோனா உரிமத்திலேயே நின்றுவிட்டது. அணி வாரியாகத் தேடினால் அரிசோனா பக்கத்தில் 1979–96-ஐப் பாருங்கள். டீமு செலானி 1992–93-இல் அறிமுக வீரராக அடித்த 76 கோலுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது லீக் சாதனை, ஆட்டக்காரர் பெயரிலேயே வரும்.