டேப்லெட்டுடன் விசைப்பலகையும் ஹப்பும் சேர்த்தால் மடிக்கணினி இல்லாமல் சமாளிக்கலாமா?

நிலாவெளி ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். வார இறுதிகளில் கிண்ணியாவிலும் திருகோணமலை நகரிலும் உயர்தர மாணவர்களுக்குப் புவியியல் வகுப்பு எடுத்து வருகிறேன். ஏழு ஆண்டுகள் உழைத்த எனது மடிக்கணினியின் பிணைச்சல் சென்ற மாதம் உடைந்து, திரைக்குப் போகும் கேபிளும் அறுந்துவிட்டது. இயக்கினால் விசிறி சுற்றுகிறது, தொடக்க ஒலியும் கேட்கிறது. திரை மட்டும் கறுப்பாகவே நிற்கிறது. திருத்துவதற்குக் கடையில் கேட்ட தொகை, பாவித்த மடிக்கணினி ஒன்றின் விலையில் பாதியை நெருங்குகிறது.

என்னிடம் 11 அங்குலத் திரையுள்ள சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9 பிளஸ் இருக்கிறது. அதற்கு ஒரு புளூடூத் விசைப்பலகை, ஒரு மவுஸ், எச்டிஎம்ஐ (திரைக்குப் படம் அனுப்பும்) துளையுள்ள யூஎஸ்பி-சி ஹப் (ஒரு துளையைப் பல துளைகளாக்கும் சிறு இணைப்புப் பெட்டி) ஆகியவற்றை வாங்கி, வீட்டிலே பெரிய திரையிலும் வகுப்பிலே புரொஜெக்டரிலும் இணைத்துக்கொண்டால் புதிய மடிக்கணினி வாங்கும் செலவு மிஞ்சும் என்று நினைக்கிறேன். ஹப் நிச்சயமாக வேலை செய்யும் என்று விற்பனையாளர் சொல்கிறார். என்னுடைய வேலை பெரிதாக ஒன்றுமில்லை: தமிழில் வினாத்தாள் தயாரிப்பது, புள்ளிகளை எக்செலில் பதிவது, வரைபடங்களைக் காட்டி விளக்குவது ஆகியவைதான். இந்த வழியில் போனவர்கள் யாராவது இருந்தால், எங்கே இடறினீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

துறைமுக வீதி:

வணக்கம் ரீச்சர். விசைப்பலகையையும் மவுஸையும் தாராளமாக வாங்குங்கள். ஹப்புக்கு மட்டும் இப்போதே காசு கொடுத்துவிடாதீர்கள்.

யூஎஸ்பி-சி என்பது துளையின் வடிவத்துக்கு உரிய பெயர். அந்தத் துளை வழியாகப் படமும் வெளியே வருமா என்பது வேறு விடயம். படம் வருவதற்கு டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் என்ற வசதியைக் கருவியைச் செய்தவர்கள் உள்ளேயே வைத்திருக்க வேண்டும். ஏ9 பிளஸின் துளை யூஎஸ்பி 2.0 வகையைச் சேர்ந்தது, அதில் அந்த வசதி கிடையாது. ஆகவே எவ்வளவு விலை உயர்ந்த ஹப்பைச் செருகினாலும் பென் டிரைவும் மவுஸும் வேலை செய்யுமே தவிர, எச்டிஎம்ஐ துளை சும்மாதான் இருக்கும். சாம்சங்கிலே டேப் எஸ்8, டேப் எஸ்9 போன்ற முதன்மை டேப்லெட் மாதிரிகளில் இந்த வசதி உண்டு. பெயரில் எஸ் இருக்கிறதே என்று நம்பி எஸ்9 எஃப்இ வாங்கினால் அதிலும் இல்லை. வேகத்தை மட்டும் பார்த்தும் முடிவு செய்ய முடியாது, ஏனென்றால் 2022இல் வந்த பத்தாம் தலைமுறை ஐபேட் தரவை யூஎஸ்பி 2.0 வேகத்திலேயே அனுப்பினாலும் படத்தை வெளியே கொடுக்கிறது. மாதிரியின் பெயரைத் தனியாகத் தேடிப் பார்ப்பதுதான் ஒரே வழி.

உங்கள் டேப்லெட்டிலே டெக்ஸ் என்ற, திரையைக் கணினி போல மாற்றும் சாம்சங் வசதி இருக்கிறது. அதை இயக்கினால் சாளரங்களைப் பக்கம் பக்கமாக வைத்து வேலை செய்யலாம், ஆனால் அந்த 11 அங்குலத்துக்குள்ளேதான். வகுப்பில் காட்டுவதற்கு டேப்லெட்டிலுள்ள ஸ்மார்ட் வியூ வசதி மூலம், மிராகாஸ்ட் என்ற கம்பியில்லாப் பட இணைப்பை ஏற்கும் தொலைக்காட்சிக்கோ புரொஜெக்டருக்கோ கம்பியில்லாமல் அனுப்பலாம். அதற்கு இணையம் தேவையில்லை. படம் சற்றுப் பிந்தி வந்தாலும் வரைபடம் காட்டுவதற்கு அது ஒரு குறையாகத் தெரியாது.

மின்வெட்டு நேரத்தில் மட்டும் டேப்லெட்டை அடிக்க ஆளில்லை. 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் நின்ற நாட்களில், 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்றை வைத்துக்கொண்டு டேப்லெட்டில்தான் என் வேலைகளை முடித்தேன்.

மூதூர் எழுதுவினைஞர்:

துறைமுக வீதிக்காரர் சொன்னது சரி. ஆனால் ரீச்சர், உங்களை இடறப்போவது ஹப் அல்ல, பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. உங்கள் பழைய வினாத்தாள்கள் எந்த எழுத்துருவில் இருக்கின்றன என்று நீங்கள் எழுதவில்லை. ஏழு வருடப் பழைய கோப்புகள் என்றால், நம் பக்கத்து வழக்கப்படி பெரும்பாலும் பாமினியாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன்.

பாமினி, எல்லாக் கருவிகளும் புரிந்துகொள்ளும் பொது எழுத்துக் குறிமுறையான யூனிகோட் அல்ல. கோப்பின் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும். எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் முகமூடியை மாட்டிவிடுகிறது, அவ்வளவுதான். அந்த எழுத்துரு இல்லாத டேப்லெட்டில் திறந்தால் அரைப்புள்ளிகள் நிறைந்த ஆங்கிலக் குப்பைதான் தெரியும். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் ஆவணம் முழுவதையும் ஒரே வீச்சில் அவற்றுக்குள் ஒட்டிவிடாதீர்கள், ஏனென்றால் இடையிலே உண்மையான ஆங்கிலத்தில் எழுதிய கலைச்சொற்களையும், (அ) என்பதற்குப் பதிலாக ஆங்கில எழுத்தில் இட்ட உபவினா இலக்கங்களையும் கருவி பாமினி என்றே எண்ணித் தமிழாக்கிவிடும். நான் ஒருமுறை அப்படி மாற்றி, சரிபார்க்காமல் ஐம்பது பிரதி எடுத்துவிட்டேன். அன்றைக்கு வாங்கிய பேச்சை இங்கே எழுத விரும்பவில்லை.

அடுத்தது தட்டச்சு. ஆண்ட்ரொய்டிலே வெளி விசைப்பலகையை இணைத்தவுடன் திரையிலுள்ள தமிழ் விசைப்பலகை மறைந்து, தட்டுவதெல்லாம் ஆங்கிலமாக வருவது பலருக்கு நேர்கிறது. நான் கீமேன் என்ற இலவசச் செயலியில் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பை நிறுவி அதைத் தீர்த்துக்கொண்டேன். பாமினிக்குப் பழகிய கைக்கு முதல் வாரம் வெறுப்புத்தான் வரும். உயிரெழுத்துகள் இடது கையிலும் மெய்கள் வலது கையிலும் பிரிந்திருப்பதால், மூன்றாம் வாரத்திலிருந்து எனக்குப் பழைய வேகம் திரும்பிவிட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 10.1 அங்குலத்தை விடப் பெரிய திரையில் மைக்ரோசொப்ட் வேர்ட், எக்செல் செயலிகளில் திருத்தம் செய்யச் சந்தா கட்ட வேண்டும். உங்களுடையது 11 அங்குலம். கூகுள் டொக்ஸ் அல்லது கொலாபொரா ஒபிஸ் இலவசம். எக்செல் கோப்பிலே மக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) ஏதாவது எழுதி வைத்திருந்தால் அது டேப்லெட்டில் ஓடாது. கொமினிகேஷன் கடைக்கு அச்சிடக் கொடுக்கும்போது பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள், இல்லாவிட்டால் அவர்களுடைய கணினியில் எழுத்துகள் இடம் மாறிவிடும்.

உட்துறைமுகத்தான்:

தங்கச்சி, தொலைக்காட்சி, கணினி என்று முப்பது வருடமாகத் திருத்தி வருகிறவன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். விசிறி சுற்றுகிறது, தொடக்க ஒலி கேட்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்த மடிக்கணினி சாகவில்லை. அதற்குக் கண் மட்டும் போயிருக்கிறது. பக்கவாட்டிலே எச்டிஎம்ஐ துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வீட்டுத் தொலைக்காட்சியோடு ஒரு கேபிளால் இணைத்து இயக்குங்கள். படம் தானாக வராவிட்டால் விண்டோஸ் விசையை அழுத்திக்கொண்டு பி விசையைத் தட்டினால் படம் எந்தத் திரைக்குப் போவது என்று தெரிவு செய்யும் பட்டியல் திறக்கும். தொலைக்காட்சியில் அது தெரியும் வரை சில தடவை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கும்.

அது வேலை செய்தால், உடைந்த மூடியை நிமிர்த்தி ஏதாவது ஒன்றில் சாய்த்து வைத்துவிட்டு, அதை வீட்டு மேசைக் கணினியாகவே பாவியுங்கள். பாமினி, மக்ரோ, பழைய யூஎஸ்பி அச்சுப்பொறி எல்லாம் அதிலே இருந்தபடியே இருக்கும். டேப்லெட் உங்களோடு கிண்ணியாவுக்குப் பஸ்ஸில் வரட்டும். புதிதாக வாங்கும் விசைப்பலகையும் மவுஸும் இரண்டுக்கும் பொதுவாகிவிடும்.

நிலாவெளிக் காற்றைப் பற்றியும் ஒரு சொல். கடலோர வீடுகளிலிருந்து என்னிடம் வரும் கருவிகளில் முதலில் பச்சை பிடிப்பது இந்தத் துளைகள்தான். ஹப்பை நிரந்தரமாகச் செருகி வைக்காமல், வேலை முடிந்ததும் கழற்றி மூடி வையுங்கள்.

நிலாவெளி ஆசிரியை:

மூவருக்கும் நன்றி. உட்துறைமுக அண்ணா சொன்னபடி நேற்றிரவு தொலைக்காட்சியோடு இணைத்தேன். முதலில் ஒன்றும் வரவில்லை. விண்டோஸ் விசையோடு பி விசையை மூன்றாவது தடவை தட்டியபோது என் பழைய திரை முழுவதும் சுவரளவுக்கு எழுந்து நின்றது. நான்கு ஓரங்களும் சற்று வெட்டுப்பட்டிருந்தன, தொலைக்காட்சியின் பட அளவு அமைப்பை மாற்றியதும் அது சரியாகிவிட்டது. எழுதுவினைஞர் ஊகித்தது போலவே என் கோப்புகள் அனைத்தும் பாமினிதான். ஹப்பை வாங்கவில்லை. புளூடூத் விசைப்பலகையும் மவுஸும் மட்டும் வாங்கப் போகிறேன். மடிக்கணினியிலும் டேப்லெட்டிலும் ஒரு பொத்தானை அழுத்தி மாறி மாறி இணையக்கூடிய வகையாகப் பார்த்து வாங்க எண்ணியிருக்கிறேன். இனி எழுதும் வினாத்தாள்களை யூனிகோடிலேயே எழுதுவேன். தமிழ்99ஐப் பழகும் அந்த முதல் வாரத்தைத் தவணைப் பரீட்சை முடிந்த பிறகே தொடங்குவேன்.